இரண்டு குறை, ஒரே கயிறு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஜூன், ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேலாகிறது. பதில் எழுத மேசையில் இடமில்லை. ஒரு மாதமாக அங்கே கம்ப்யூட்டர் கேபினெட், திருப்புளி, ஸ்க்ரூ டப்பா, மல்டிமீட்டர்தான் குடித்தனம். இன்றைக்குத்தான் உன் சம்பந்தி "சாப்பிடுற மேசையா, ஒர்க் ஷாப்பா?" என்று கேட்டு எல்லாவற்றையும் ஒதுக்க வைத்தாள். (சம்பந்தி என்று எழுதிவிட்டேன். உன் பையனும் என் சின்னவளும் இரண்டு வயதில் அடித்துக்கொண்டபோது நாம் போட்ட ஒப்பந்தத்தை அவர்கள் இன்னும் ஏற்கவில்லை என்பது தெரியும்.)

இங்கே எல்லாரும் நலம். அவளுக்குச் சர்க்கரை அளவு பரவாயில்லை. எனக்கு முட்டி வலி அப்படியேதான். காலையில் சில்வர் பீச் வரை நடந்துபோய், திரும்பும்போது ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன்.

சின்னவள் கட்டடக்கலை நான்காம் ஆண்டு. வீட்டு மாதிரியைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வெயில் விழுகிற மாதிரி படமாக்க வேண்டுமாம். அவளுடைய லேப்டாப் அதற்கு மூச்சு வாங்குகிறது. புதுக் கம்ப்யூட்டர் ரெடிமேடாக வாங்கினால் விலை அதிகம், உதிரியாக வாங்கி நாமே கட்டலாம் என்றாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவனிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அடுத்த வாரமே இரண்டு பேரும் சென்னை ரிச்சி தெருவில் நின்றோம். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்க 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி). பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம், பிரசவத்துக்குப் போய்த் திரும்பினவர்கள் மாதிரி.

கட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை இருட்டு. இப்போதைய போர்டுகளில் ஒரு ஓரத்தில் நான்கு சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள். பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று, எந்த இடத்தில் சிக்கலோ அந்த விளக்கு நிற்கும். நம் காலத்து அலாரம் பேனல்தான், அளவுதான் அரிசி. பிராசசர் விளக்கு எரிந்தது. பார்த்தால், போர்டின் மேல் மூலையில் செருக வேண்டிய 4+4 முனை ஒயர் பாதிதான் உள்ளே போயிருந்தது. கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தவில்லை. அந்த ஒயரும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிற 6+2 ஒயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 12 வோல்ட் வருகிற வரிசை இரண்டிலும் நேர் எதிர். போகவில்லை என்று பலம் காட்டி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைத் திணித்தால் போர்டுக்குப் பால்தான்.

அடுத்து ரேம் விளக்கு. அணைத்தேன், போட்டேன், கழற்றினேன், துடைத்தேன், மறுபடி அணைத்தேன். இரவு பதினொன்று ஆகிவிட்டது. அது குறையே இல்லையாம், மாப்ள! டிடிஆர்5 முதல் தடவை உயிர் வரும்போது போர்டும் ரேமும் ஒன்றை ஒன்று பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். நான் நாற்பது விநாடிக்கு ஒரு தடவை பவரை நிறுத்தி, அது பழக ஆரம்பிக்கும்போதெல்லாம் மண்டையில் தட்டியிருக்கிறேன். எரிச்சலில் அப்படியே விட்டுவிட்டுத் தோசை சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் திரை வெளிச்சமாக இருந்தது.

இதெல்லாம் பொடிக் கதை. பெரிய கதை அடுத்த நாள் ஆரம்பித்தது.

இரண்டு தொல்லை சேர்ந்தே வந்தன. ஒன்று, படமாக்கும் வேலை கொடுத்து அரை மணி நேரத்தில் நீலத் திரை வந்து தானே ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு, வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் புறங்கையில் சுருசுரு என்று இழுக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. மீட்டர் வைத்தேன், கேபினெட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 108 வோல்ட். நான் என்ன செய்தேன், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினேன். எஸ்எம்பிஎஸ் உள்ளுக்குள் லீக் ஆகிறது, அதனால்தான் ஷாக், அதனால்தான் ரீஸ்டார்ட். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பார். சின்னவளிடம் அரை மணி நேரம் பாடமே எடுத்தேன்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பாண்டிச்சேரியில் தெரிந்த ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தக் கடைக்காரர் லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினார். 12 வோல்ட் லைனில் 12.1. ஐந்து சதவீதம் ஏறி இறங்கலாம் என்பது கணக்கு, அதாவது 11.4 முதல் 12.6 வரை. இது ஆடவே இல்லை. அதன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஷாக்கும் இல்லை. "சார், இது தங்கம் சார்" என்று திருப்பிக் கொடுத்தார். வரும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பாண்டியிலிருந்து கனமான அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிற ரிட்டையர்டு ஆளை யார்தான் நம்புவார்கள்? உள்ளே ஒயர் சுருளைப் பார்த்ததும் அந்தக் காவலர் முகத்தில் வந்த ஏமாற்றம் இருக்கிறதே!

வீட்டில் மாட்டினேன். மறுபடி சுருசுரு.

அப்போதுதான் புத்தி வந்தது. அங்கே இல்லாத ஷாக் இங்கே இருக்கிறது என்றால் குறை பெட்டியில் இல்லை, வீட்டில். எஸ்எம்பிஎஸ் வாசலிலேயே இரைச்சலை வடிகட்ட இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவே தொங்கும், வீட்டு வோல்டேஜில் ஏறக்குறைய பாதியில். 230-இல் பாதி எவ்வளவு? மீட்டர் அன்றைக்கே சொல்லியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை எர்த் பண்ணி வைத்துவிட்டு, கோடை வந்தால் குழியில் தண்ணீர் ஊற்றினார்களா என்று நோட்டில் கையெழுத்து வாங்கிய ஆள் நான். சொந்த வீட்டில் கோட்டை விட்டேன்.

எர்த் குழியைத் தேடினால் குழியே இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயல் உனக்கு மறந்திருக்காது. அன்று பின்பக்கம் முருங்கை சாய்ந்து, சன்ஷேடு உடைந்து, பிறகு மேஸ்திரியை வைத்துத் தரை போட்டோமே, அந்தக் காரைக்கு அடியில் போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காணவில்லை. உடைத்துப் பார்த்தால் பைப் தலையில் கிளாம்பே இல்லை. ஜிஐ கம்பி துருப்பிடித்துத் தொட்டால் உதிர்கிறது. கடல் காற்று ஒரு பக்கம், குழியில் நாமே கொட்டிய உப்பு இன்னொரு பக்கம். புதுக் குழி வெட்டிச் செம்புக் கம்பி இழுத்தாயிற்று. கையோடு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் போட்டுவிட்டேன். சுருசுரு போயே போச்சு.

ரீஸ்டார்ட் போகவில்லை.

எர்த் சரியானதும் அதுவும் நிற்கும் என்று நான் எதிர்பார்த்ததுதான் வேடிக்கை. கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை பார். சின்னவள்தான், "அப்பா, ஷாக்கை மறந்துடுங்க, இது வேற" என்று ஒரு பென்டிரைவில் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை ஏற்றிக் கொண்டுவந்தாள். ராத்திரி முழுக்க ஓடவிட்டோம், காலையில் திரையெல்லாம் பிழை காட்டும் சிவப்பு வரி. எக்ஸ்போ என்று ஒரு செட்டிங் இருக்கிறது, ரேமை 6000 வேகத்தில் ஓட்டுவது. அதை அணைத்து 4800-க்கு இறக்கினோம். அப்போதும் சிவப்பு. சரி, ஒவ்வொன்றாக என்று ஒரு ரேமை மட்டும் போட்டோம், சுத்தம். மற்றதை அதே ஸ்லாட்டில் போட்டோம், பத்தே நிமிஷத்தில் பிழை. அதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினோம், பிழையும் கூடவே போனது.

உனக்கு என்ன ஞாபகம் வருகிறது சொல். சி-டாட் 128 லைன் எக்ஸ்சேஞ்ச், மழை ராத்திரி, பாதி ஊருக்கு டயல் டோன் இல்லை. நீ டார்ச் பிடிக்க, நான் கார்டைப் பிடுங்கிப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டு, குறை கார்டோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்று பார்ப்போமே. அதே வித்தைதான். இதை முதல் நாளே செய்திருந்தால் பாண்டிக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டாம். ஆனால் எர்த் அறுந்து கிடந்தது இன்னும் பல வருஷம் தெரியாமலே போயிருக்கும்.

நல்ல ரேமை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் அனுப்பலாம் என்றால், ஜோடியாகத்தான் மாற்றித் தருவார்களாம். இரண்டும் சென்னைக்குப் போயிருக்கின்றன. பெட்டி இப்போது பல் இல்லாத வாயோடு உட்கார்ந்திருக்கிறது. சின்னவள் பழைய லேப்டாப்பிலேயே வரைந்துகொண்டிருக்கிறாள்.

போன கடிதத்தில் ஃபிரிட்ஜ் கைப்பிடி தொட்டால் கிள்ளுகிறது, தங்கச்சி உன்னைத் திட்டுகிறாள் என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல். பழைய பழக்கத்தில் நீயே பேஸுக்கும் எர்த்துக்கும் பல்பு போட்டுப் பார்க்காதே. எர்த் வெளியே அறுந்திருந்தால் பல்பும் எரியாது, வீட்டிலுள்ள அத்தனை எர்த் கம்பியிலும் அந்தப் பல்பு வழியாகக் கரண்ட் ஏறி நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி ஃபிரிட்ஜைத் திறந்தால் கிள்ளலோடு போகாது.

பண்ருட்டிப் பலா நன்றாக இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாயே, தேதி போடு.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்தான்