காத் ஊர்க்காரன் ஈத்தாய்

அன்புள்ள தங்கராஜுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பேர் வைத்தாயிற்றா? எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தெம்பில் பைபிளில் இரண்டாம் சாமுவேல் புத்தகத்தை மறுபடியும் எடுத்து உட்கார்ந்தேன்.

பட்டாளத்தில் இருந்தவன் நீ, அதனால் உன்னிடம் கேட்கிறேன். தாவீது ராஜாவின் படைத்தலைவர்கள் யோவாபையும் அபிசாயையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஈத்தாயைப் பற்றி எந்தச் சபை ஐயராவது பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறாயா?

15ஆம் அதிகாரத்தைப் பார். தாவீதின் மகன் அப்சலோம் எப்ரோனில் தன்னை ராஜாவாக்கிக்கொண்டான். தாவீது எருசலேமை விட்டு நடந்தே போகிறான். ஆலோசனை சொல்லிவந்த அகித்தோப்பேலே மகன் பக்கம் போய்விட்டான். அந்த நேரத்தில் காத்திலிருந்து வந்த 600 பேர் ராஜாவின் முன்னே நடந்து போகிறார்கள். காத் எது? கோலியாத்தின் ஊர்! தாவீது அவர்களோடு வந்த ஈத்தாயை நிறுத்தி, "நீ அந்நியன், நேற்று வந்தவன், திரும்பிப் போய் ராஜாவோடு இரு" என்கிறான். ராஜா என்று அவன் சொல்வது அப்சலோமை. எவ்வளவு நொந்திருந்தால் அந்தச் சொல் வாயில் வரும்! ஈத்தாய் கர்த்தர்மேல் ஆணையிட்டு, செத்தாலும் பிழைத்தாலும் உம்மோடுதான் என்கிறான். இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரின் பட்டணத்தான் பேச்சு இது. உம்மைவிட்டுப் போகமாட்டேன் என்று ரூத் மாமியார் நகோமியிடம் சொன்னதற்கு இது எதில் குறைச்சல்? ரூத்துக்குத் தனிப் புத்தகமே இருக்கிறது, இவனுக்குச் சில வசனங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த வரி. ஈத்தாயோடு அவன் ஆட்கள் மட்டுமல்ல, பிள்ளைகுட்டிகளும் கடந்துபோனார்கள் என்று இருக்கிறது. தோற்றால் குடும்பத்தோடு அழிவு. கூலிக்குச் சண்டை போடுகிறவன் பிள்ளைகளையுமா இழுத்துக்கொண்டு போவான்?

தப்பிப்போய்ச் சேர்ந்த மக்னாயீம் ஊரில் தாவீது படையை மூன்றாகப் பிரிக்கிறான். ஒரு பங்கு யோவாபுக்கு, ஒரு பங்கு அபிசாய்க்கு. இருவரும் தாவீதின் சகோதரி செருயாளின் மக்கள். மூன்றாவது பங்கு நேற்று வந்த ஈத்தாய்க்கு! பிள்ளையாண்டான் அப்சலோமை எனக்காக மெதுவாய் நடத்துங்கள் என்று மூவரிடமும்தான் ராஜா சொல்கிறான். எப்பிராயீம் காட்டில் 20,000 பேர் மடிந்தார்கள். மரத்தில் தொங்கிய அப்சலோமை யோவாப் மூன்று வல்லயங்களால் குத்தினான். ஈத்தாய் அப்போது எங்கே நின்றான் என்று ஒரு வார்த்தை இல்லை. அதன்பிறகு அவன் பேரே வருவதில்லை. 23ஆம் அதிகாரத்துப் பராக்கிரமசாலிகளில் வரும் ஈத்தாய் பென்யமீன் புத்திரரின் கிபியா ஊரான், இவன் இல்லை.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. சண்டை முடிந்ததும் யோவாபின் இடத்தைத் தருகிறேன் என்று தாவீது ஆள் அனுப்பியது யாருக்கு? அமாசாவுக்கு. அப்சலோமின் படைத்தலைவன்! அவனும் மருமகன் முறைதான். யூதாக் கோத்திரத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது, ராஜதந்திரம் புரிகிறது. ஆனாலும் கூடவே நின்றவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாகக்கூட இல்லை. ஈத்தாய் அந்தச் சண்டையிலேயே செத்திருப்பானோ என்றும் தோன்றுகிறது. நீ படைப்பிரிவுகளை நேரில் பார்த்தவன், உனக்கு என்ன படுகிறது என்று எழுது.

சபை அசன விருந்துக்கு வருவாயல்லவா? தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. மூட்டு வலித் தைலம் இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சாலமோன்