பேச முடியாத வலியும் எழுத்தில் வரும் துணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி வழியாக வரும் நட்பெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, துக்கத்துக்கும் நோய்க்கும் நேரில் வந்து நிற்பவர்களே உதவுவார்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை அண்மையில் தங்கள் நாளிதழில் படித்தேன். பலருக்கும் அது பொருந்தலாம். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா எனப்படும் முகநரம்பு வலியோடு நெடுநாளாக வாழ்ந்துவரும் என்னைப் போன்றவர்களின் நிலை அப்படியல்ல என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பை, அது மூளைத்தண்டோடு சேரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால்தான் பெரும்பாலும் இந்த வலி வருகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம். கன்னத்திலோ தாடையிலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டும். சில நொடிகள், மிஞ்சினால் இரண்டு நிமிடம். பல் துலக்குவது, முகம் கழுவுவது, ஒரு கவளம் சோற்றை மெல்லுவது, பேருந்து ஜன்னலில் வீசும் காற்று, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது என எதுவும் அதைக் கிளப்பிவிடும். பல்வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகே நரம்பியல் மருத்துவரிடம் வந்துசேர்ந்தவர்கள் எங்களில் பலர் உண்டு. வழக்கமான வலி மாத்திரைகளுக்கு இது கேட்பதில்லை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின்தான் 1960களிலிருந்து இதற்கு முதல் மருந்தாக இருந்துவருகிறது.

பேசினாலே வலிக்கிற ஒருவரைப் பார்க்க வீட்டுக்கு வரும் உறவினர் எவ்வளவுதான் அன்பானவராக இருந்தாலும், அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் முகம் கொடுத்துப் பேசவில்லை என்ற வருத்தம் வரும். கோயம்புத்தூர், தூத்துக்குடி, சிங்கப்பூர் எனப் பல ஊர்களில் இருக்கும் நாங்கள் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதற்கு முதல் காரணம் இதுதான். எங்களுக்குள் யாரும் யாரையும் "குரல் பதிவு அனுப்புங்கள்" என்று கேட்பதில்லை. பதில் வரத் தாமதமானால் அதற்குப் பொருள் கோபமல்ல, வலி என்று தெரிந்தவர்கள் நாங்கள்.

தூத்துக்குடி அக்கா ஒருவரின் கணவர் மாரடைப்பில் திடீரென இறந்துபோனார். துக்கம் கேட்க வந்த பெண்கள் நம் வழக்கப்படி அவரைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதிருக்கிறார்கள். வலி தாங்காமல் பின்கட்டுக்குப் போய், "கன்னத்தைத் தொடாதீர்கள் என்று சாவு வீட்டில் யாரிடம் சொல்வது?" என்று எங்களுக்கு எழுதினார். கண்ணீரைத் துடைத்தால் வெட்டும்; துடைக்காமல் விட்டால் அது வழிந்திறங்கும் இடமும் வெட்டும். அதனால் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று யாரோ காதுபடவே பேசினார்களாம். அன்றிரவு எங்களில் ஒருவர் கேட்ட கேள்வி, "மாத்திரை போட்டீர்களா அக்கா?" என்பதுதான். காலையிலிருந்தே போடவில்லை. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். ஆனால் துக்க வீட்டில் அதை நினைவில் வைத்திருக்க யார் இருக்கிறார்கள்? பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவருடைய மருமகளுக்கு நாங்கள் முறைவைத்து எழுதி நினைவூட்டினோம். மெல்லத் தேவையில்லாத கஞ்சியை ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னதும் அப்படித்தான்.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பின் அவர் எழுதிய ஒன்றை அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறேன். தான் அறைக்குள் வரும் முன்பே மின்விசிறியை நிறுத்திவிடுவது கணவரின் வழக்கம் என்றும், இப்போது தானே சுவிட்சைத் தேடிப் போகும்போது காற்று முகத்தில் படுகிறது என்றும் எழுதியிருந்தார். அதில் எத்தனை பெரிய இழப்பு இருக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் வாதாடவில்லை. "எனக்கு இத்தனை மில்லிகிராம், நீங்களும் கூட்டிப் பாருங்கள்" என்று எழுதுபவர்கள் உண்டு. நரம்புத் தைலம் விற்க நுழைந்தவர்களை வெளியேற்றவும் நேர்ந்திருக்கிறது. கார்பமாசெபின் தலைசுற்றலையும் தூக்கக் கலக்கத்தையும் தருவதோடு சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தையும் குறைத்துவிடும். அரிதாகச் சிலருக்குத் தோலில் தொடங்கும் தடிப்பு உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே மருந்தின் அளவைப் பற்றிப் பேசக் கூடாது, தடிப்பு கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற இரண்டிலும் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கிவைக்கும் அறுவை சிகிச்சைக்குத் தயங்கியவரிடம், அதைச் செய்துகொண்டவர்கள் காதுக்குப் பின்னால் திறந்து செய்வது, கேட்கும் திறன் குறைய வாய்ப்புண்டு என்பது, சிலருக்கு வலி திரும்பிவிடுவது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினார்கள். முடிவை அவரும் மருத்துவரும்தான் எடுத்தார்கள்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை, 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனி வகைப்பாடாகவே குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, நம் மருத்துவமனைகளில் சீட்டை எழுதிக் கொடுப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இதே நோயுள்ள பிறர் இருக்கிறார்கள், அவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சொல்ல அதிக நேரம் ஆகாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வரும் பணியாளர்களும் இதைச் சொல்லலாம். மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண் பேச முடிந்தவர்களுக்குப் பெரும் உதவி. பேச முடியாதவர்கள் எழுதியே ஆலோசனை பெறும் வசதி இத்தகைய உதவி எண்கள் அனைத்திலும் இருக்க வேண்டும்.

அக்டோபர் 7 இந்நோய்க்கான சர்வதேச விழிப்புணர்வு நாள். அன்றைய இதழில் நரம்பியல் மருத்துவர் ஒருவரின் கட்டுரையைத் தாங்கள் வெளியிட்டால், பல்லைப் பிடுங்கக் கிளம்பும் சிலராவது அதற்கு முன் சரியான மருத்துவரிடம் போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்.