கூட யார் வருகிறார்கள்?

அன்புள்ள ராஜிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதிலைக் காணோம். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய சானா படங்களை, அதுதான் அந்த ஊர் வியர்வைக் குளியல் அறைப் படங்களை, அப்பா தெருவுக்கே காட்டிவிட்டார். பின்லாந்தில் 55 லட்சம் ஜனங்களுக்கு 30 லட்சம் சானாவாம், 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்களாம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதுதான் பாடம். உன் பெரியம்மாவுக்குத்தான், அங்கே துணியில்லாமல் உட்காருவார்களாமே என்று மனசு ஆறவில்லை. எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. என் கவலை உன் காது.

உள்காதுக் கோளாறால் திடீர் திடீரென்று தலை சுற்றும் மெனியர் நோய் உள்ளவள் நீ. போகவே போகாதே என்று சொல்ல மாட்டேன். அந்தக் குளிரில் சூடு உடம்புக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் 80 டிகிரி சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும். சட்டென்று எழுந்தால் நல்ல காது உள்ளவர்களுக்கே கண் இருட்டும். உனக்கு வருவது பிரஷரா காதா என்று யோசிப்பதற்குள் தரையில் கிடப்பாய். மேல் படிக்கு ஏறாதே, சூடெல்லாம் அங்கேதான் நிற்கும். கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வா. எழுவதற்கு முன் காலைத் தொங்கப்போட்டு நிதானித்துக்கொள். தண்ணீர் குடி. அடுப்பின் மேல் காய்கிற கல்லில் தண்ணீர் ஊற்றுகிற வேலை உனக்கு வேண்டவே வேண்டாம். அடுப்புப் பக்கம் நீ குனியக் கூடாது. அதை மாப்பிள்ளை செய்யட்டும்.

அடுத்தது அந்த ஏரி. சானாவிலிருந்து நேராக நேசியார்வி ஏரித் தண்ணீரில் இறங்குவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈ.என்.டி. வார்டில் காதுக்குள் தண்ணீர் விடும் டெஸ்டுக்கு கிட்னி ட்ரே பிடித்தவள் நான். 30 டிகிரித் தண்ணீர், அப்புறம் 44 டிகிரித் தண்ணீர். உடம்புச் சூட்டுக்கு ஏழு டிகிரி குறைவு, ஏழு டிகிரி கூடுதல், அவ்வளவுதான். படுத்திருக்கிறவர் கண் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி ஓடும், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சிஸ்டர், சுத்துது" என்பார். காதில் பச்சைத்தண்ணீர் பட்டால் ஏன் சுற்றுகிறது என்று பாரனி என்ற டாக்டர் ஆராய்ந்துதான் 1914-ஆம் வருஷ நோபல் பரிசு வாங்கினார். நீ இறங்குவது ஐஸ் தண்ணீர். தலையை முக்காதே. தண்ணீருக்குள் காலுக்குத் தரை தெரியாது, கண்ணையும் மூடிவிட்டால் உனக்கு நிதானம் சொல்ல காது மட்டும்தான் பாக்கி. அந்தக் காதை நம்பலாமா? மேலே எது கீழே எது என்றே தெரியாமல் போய்விடும். கரையில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொள், போதும்.

தலை சுற்றச் சுற்றவே வேலையையும் பார்த்து, அந்த ஊர் மொழியையும் படித்தவள் நீ. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. ஆனால் போன மாதம் ஆபீஸில் விழுந்ததை உன் சிநேகிதி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உங்கள் குடியிருப்புச் சானாவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்கள் முறை என்றாய். எனக்கு அதைவிட அந்த ராயாபோர்த்தி பொதுச் சானாதான் தேவலை. 1906-லிருந்து நடக்கிறதாம், பெண்கள் பக்கத்தில் எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். குடியிருப்பில் உங்கள் முறை என்றால் வேறு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். சில மெனியர்காரர்கள் தலை சுற்றாமலேயே, நினைவும் தப்பாமலேயே, யாரோ தள்ளிவிட்டதுபோல் விழுந்துவிடுவார்கள். அப்போது யார் பார்ப்பது? தனியாகப் போகாதே. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதே, தனியாகப் போகாதே.

படத்தில் கொக்கியில் ஒரு துண்டுதான் தொங்கியது. இன்னொன்று துவைக்கப் போட்டிருப்பாய். செருப்பும் ஒரு ஜோடிதான். சரி, அவர் வேலையிலிருந்து வரத் தாமதமாகியிருக்கும்.

மோர் மிளகாய் கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். வியர்த்துக் கொட்டினபின் நாக்கு உப்புத்தான் தேடும், உனக்கோ உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உப்பில்லாமல் இட்லிப்பொடி இடித்து வைத்திருக்கிறேன். சித்தப்பா பேத்திக்குக் காது குத்து முடிந்தது, மற்றபடி எல்லாரும் நலம்.

தீபாவளியிலிருந்து மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை. அப்பா நம்பர் மாறியிருக்கும் என்கிறார். புது நம்பர் இருந்தால் அனுப்பு. இல்லையென்றாலும் அதையாவது எழுது. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுச் சொல்.

அம்மா