ஈ வெளுத்ததுக்கு ஜீன் கெட்டது காரணம் இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வார அறிவியல் பக்கத்துல பரிணாமம்னாலே ஜீன் மாறி புதுசா புரோட்டீன் வர்றதுதான்ங்கிற மாதிரி எழுதியிருந்தீங்க, அது பாதி கதைதான் சார். ஆப்பிரிக்கா பக்கத்துல சாவோ டோமேன்னு ஒரு தீவு, அங்க மலை மேல இருக்கிற டிரோசோஃபிலா சாண்டோமியாங்கிற பழ ஈக்கு வயித்துல கறுப்பே கிடையாது, அதோட நெருங்கின சொந்தமான யாகுபா ஈக்கு, அதுலயும் ஆணுக்கு, பின்பக்கம் நல்ல கறுப்பு. 2008ல அமெரிக்காவுல ஷான் கரோல்ங்கிற விஞ்ஞானியோட குழு என்ன சொன்னாங்கன்னா, கறுப்பு நிறம் வர உதவுற டேன்ங்கிற ஜீன் நல்லாத்தான் இருக்கு, அது வயித்துல வேலை செய்யணும்னு சொல்ற பக்கத்து டிஎன்ஏ துண்டு, என்ஹான்சர்னு பேரு, அதுதான் சாண்டோமியாவுல கெட்டிருக்கு. அதுவும் ஒரே தடவை இல்ல, தனித்தனியா மூணு விதமா! (நிறத்துக்கு வேற ஜீன்களும் காரணம்தான், அது பெரிய கதை.)

ஜீனே கெட்டிருந்தா என்னன்னு கேக்கலாம். அதே டேன் ஈயோட கண்ணுக்கும் வேணும், அது போனா பார்வையே கோளாறாயிடும். என்ஹான்சர் மட்டும் போனா வயிறு மட்டும் வெளுக்கும், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்த தடவை இதையும் ரெண்டு பாரா போடுங்க. அப்புறம் நீங்க போட்டிருந்த படம் வீட்டு ஈ, பழ ஈ இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்