பையனின் அம்மாவைப் போய்ப் பார்

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பின் சிவா,

சுகம்தானே? மாஸ்டரின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ பதில் போடமாட்டாய் என்று பானு பந்தயமே கட்டியிருக்கிறாள். அவளை வெல்ல விடாதே. சரி, உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

வழக்கு முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் ரிமாண்ட் இல்லம் ஒன்றுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் அல்லவா, அதைப் பெரிதாக்கிக் கட்டப்போகிறார்கள். வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினார்கள். புதிய படுக்கைக் கூடம், குளியலறைகள், சுற்றிவர உயர்ந்த மதில். கூடம் வேண்டும்தான், இப்போது ஒரு பாயில் இரண்டு பேர் படுக்கிறார்கள். வகுப்பறை எங்கே என்று கேட்டேன். சாப்பாட்டு மண்டபத்திலேயே நடத்தலாமாம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்? அது பிறகு பார்க்கலாமாம். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது மச்சான்.

அங்கே உங்கள் ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், 15 வயது. புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றவன். முதலாளியின் போன் காணாமல் போக, இவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் மூச்சு விடாமல் கதைக்கிறான். வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. தங்கச்சி புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாளாம், "ரிசல்ட் வந்துட்டுதா சேர்?" என்று என்னிடம் கேட்கிறான்.

அவனுக்கு இன்னும் யாரும் தண்டனை கொடுக்கவில்லை. பொறுப்பெடுக்க ஆள் வராததால் தவணைக்குத் தவணை திரும்பி வருகிறான். அம்மா கொழுந்தெடுப்பவர். கொழும்புக்கு வந்தால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும், பயணக் காசு வேறு. வீட்டுக்குப் போன அறிவித்தலும் சிங்களத்தில்தான். அதை யார் வாசித்துச் சொல்லியிருப்பார்கள்?

சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டினது. குற்றப் பொறுப்பு வயதை 8இலிருந்து 12ஆக்கியதே 2018இல்தான். பிள்ளையை அடைத்து வைப்பது கடைசி வழியாக, முடிந்தளவு குறுகிய காலத்துக்கே இருக்கவேண்டும் என்கிறது ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம். அதை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, மதிலுக்குப் போகும் காசில் ஒரு பங்கைத் தமிழ் கதைக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தாய்மாரின் பயணச் செலவுக்கும் ஒதுக்கினால் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்! இதை மாகாண நன்னடத்தைத் திணைக்களத்துக்கு எழுதுகிறேன். நீயும் கையெழுத்துப் போடு.

அதற்கு முன் அந்த அம்மாவைப் போய்ப் பார். அடுத்த தவணை 23ஆம் தேதி, பத்தரமுல்லைச் சிறுவர் நீதிமன்றத்தில். பையனின் பிறப்புச் சான்றிதழ், தன் அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம் மூன்றையும் கொண்டுவரச் சொல். முதல் நாளே ரயிலேறினால் கோட்டையில் நான் நிற்பேன், இரவு எங்கள் வீட்டில் தங்கலாம். காசை இப்போதைக்கு நீ கொடு, நான் அனுப்புகிறேன். தோட்டத்தின் பெயரும் லயத்து இலக்கமும் தனித்தாளில் இருக்கின்றன, வேறு யார் கையிலும் கொடுக்காதே.

அப்புறம், தங்கச்சியின் ரிசல்ட்டையும் கேட்டு எழுது.

அன்புடன்,
குமார்