சுழலோடு பயணப்படும் நீர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆழ்கடலில் ஒரு சுழல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தால், அது எப்படி நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் என்று கேட்டிருந்தாய். நீ இதைக் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

மத்தியதரைக்கடலில் மழையும் ஆறுகளும் சேர்ப்பதைவிட அதிகமான நீர் ஆவியாகிறது. அதனால் உப்பேறிக் கனத்த நீர், இரு கடல்களையும் இணைக்கும் ஜிப்ரால்டர் நீரிணையில், ஏறத்தாழ 300 மீட்டரே ஆழமுள்ள கடலடி மேட்டைத் தாண்டி அட்லாண்டிக்கில் சரிந்து, வழியில் அங்குள்ள நீருடன் கலந்து, சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் தன் அடர்த்திக்கு இணையான நீரைச் சேர்ந்ததும் பக்கவாட்டில் பரவுகிறது. போர்ச்சுகலின் தென்மேற்கு முனையில் கரைச்சரிவு திரும்பும் இடத்தில் அந்த ஓட்டத்திலிருந்து சில பகுதிகள் பிரிந்து தனிச் சுழல்களாகின்றன. மெடி எனப்படும் இவை 40 முதல் 100 கிலோமீட்டர் அகலமும் பல நூறு மீட்டர் தடிமனும் கொண்ட வில்லைகள். கடிகார முள்ளின் திசையில் சுழல்பவை.

உன் கேள்விக்கான விடை அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. மையத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ள, பூமியின் சுழற்சியால் எழும் கோரியாலிஸ் விசை அதை உள்நோக்கித் திருப்புவதால், நீர் சிதறாமல் வட்டமிடுகிறது. சுழல் நகரும் வேகத்தைவிடச் சுற்றும் வேகம் பல மடங்கு அதிகம் என்பதால், உள்ளே அகப்பட்ட நீர் தப்ப வழியின்றி அதனுடனேயே செல்கிறது. அலைக்கு இந்த ஆற்றல் கிடையாது. அது கடந்துபோனாலும் நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

1984 முதல் 1986 வரை ஆய்வாளர்கள், ஒலியெழுப்பும் மிதவைகளை ஒரு மெடிக்குள் விட்டு அதைப் பின்தொடர்ந்தார்கள். நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தெற்கே சென்றது. முதல் ஓராண்டு அதன் மையம் கிட்டத்தட்ட மாறவேயில்லை. தேய்மானம் பெரிதும் ஓரங்களிலிருந்துதான் தொடங்கியது: வெளிநீர் மெல்லிய அடுக்குகளாகப் பக்கவாட்டில் ஊடுருவியது. அடியிலோ, வெப்பம் உப்பைவிட ஏறக்குறைய நூறு மடங்கு விரைவாகப் பரவுவதால், குளிர்ந்தும் உப்புக் குறையாத நீர் சில சென்டிமீட்டரே அகலமுள்ள விரல்களாகக் கீழிறங்கியது. இத்தனை பெரிய வில்லையை இவ்வளவு நுண்ணியவை கரைப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

எல்லா மெடிகளும் இப்படி மெல்லக் கரைவதில்லை. சில, கடலடி மலைகளில் மோதி உடைந்து, சுமந்துவந்த உப்பையும் வெப்பத்தையும் அங்கேயே விட்டுவிடுகின்றன. ஆகவே அட்லாண்டிக் வரைபடத்தில் மேற்கு நோக்கி நாக்கைப்போல் நீளும் உப்புநீரை வெறும் சீரான பரவல் என்று எண்ணிவிடாதே. அதில் கணிசமான பங்கு இப்படித் தனித்தனிச் சுழல்களாகப் போய்ச் சேர்ந்ததே.

அன்புடன்,
அப்பா