வெள்ளித்தாள் வேண்டாம், முழங்கையை மடக்கிக் காட்டுங்கள்

நீலகிரிப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். விண்வெளி உடை மாதிரி என்றாலே வெள்ளித்தாள் ஒட்டிய சட்டையும் ஹெல்மெட்டும் என்றாகிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் அந்த உடையின் பெரும்பாடு முழங்கையை மடக்குவதில் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வருவதற்குள் உப்பி விறைத்துவிடும். அடிவாரத்துக்கும் ஊட்டிக்கும் காற்றழுத்த வேறுபாடு ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல். அமெரிக்க விண்நடை உடைக்குள் சுமார் 30; வெளியே வெற்றிடம். 1965 மார்ச்சில் உலகின் முதல் விண்நடையில் சோவியத் வீரர் அலெக்ஸி லியோனோவின் உடை இப்படித்தான் உப்பியது. உள்ளழுத்தத்தைக் குறைத்த பிறகே அவரால் கலத்துக்குள் நுழைய முடிந்தது. ஊதிய குழலை மடக்கினால் உட்புறம் கசங்கிக் கொள்ளளவு குறைகிறது. அந்த அமுக்கும் வேலை முழுவதும் தசையின் தலையில் விழுகிறது. கொள்ளளவு மாறாமல் மடங்கும் மூட்டுதான் தேவை. மெல்லிய துணி தேடுவதெல்லாம் அப்புறம்.

10 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள கேன்வாஸ் கைக்கு 70 செ.மீ. துணி வெட்டி, இரட்டைத் தையல் போடுங்கள். நடுவில் 25 செ.மீ. துணியை ஐந்து மடிப்பாகச் சுருக்கி 15 செ.மீ. ஆக்கி, இரு பக்கவாட்டிலும் நீளாத பருத்தி நாடாவோடு தைக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்திலும் நூல் வளையம். மடக்கும்போது உள்மடிப்பு மூடும், வெளிமடிப்பு விரியும். நாடா எலாஸ்டிக்காக இருந்தால் மடிப்பெல்லாம் விரிந்து பழைய விறைப்பே வரும். ஒரு நாடா அரை செ.மீ. குட்டையானாலும் கை தானாகப் பக்கவாட்டில் வளையும்.

உள்ளே வைக்கும் பாலித்தீன் குழல் துணியைவிட 1 செ.மீ. அகலமாக இருக்கட்டும், சிறியதானால் பாரத்தைத் துணிக்குப் பதில் அது தாங்கி வெடிக்கும். முனைகளில் மூடிய பிவிசி துண்டு, ஹோஸ் கிளாம்ப், டியூப் வால்வு. அழுத்தம் 10 கிலோபாஸ்கல் போதும்; அதற்கே முனை மூடியை 8 கிலோ பாரம் தள்ளும். அளக்க, யு வடிவில் வளைத்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கையோடு இணைத்து, திறந்த மறுமுனையைத் தொடக்க நீர்மட்டத்துக்கு 50 செ.மீ. மேலே நிறுத்துங்கள். ஒரு பக்கம் 50 ஏற மறுபக்கம் 50 இறங்கும்; அந்த 100 செ.மீ. வேறுபாடுதான் 10 கிலோபாஸ்கல். அளவு மீறினால் தண்ணீர் வெளியே கொட்டிவிடும். பம்ப் அடிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை.

மடிப்பில்லாத கை ஒன்றையும் பக்கத்தில் வைத்து, மணிக்கட்டில் ஸ்பிரிங் தராசு மாட்டி 90 பாகைக்கு மடக்கிப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். கையுறை செய்கிறேன் என்று வரும் குழுவுக்குக் கூடுதல் நாள் கொடுங்கள். உள்ளங்கை உப்பாமல் குறுக்கே ஒரு பட்டை வைக்கவே அவர்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

இப்படிக்கு,
இயற்பியலும் தையலும் கற்பிக்கும் சிலர், குன்னூர்